பதினோராவது மாடியில் ஒரு பொட்டு

சென்னைத் துறைமுகத்துக்கு எதிர்ச்சாலையில், பழைய செங்கல் கட்டடங்களுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் கண்ணில் படாமல் போகாது. கட்டியவர் யார், வரைபடம் போட்டவர் யார் என்று முன்வாசலில் ஒரு பித்தளைப் பலகையில் பொறித்திருக்கிறார்கள். எங்கள் பெயர் அதில் இல்லை. இருக்காது என்று தெரியும், அதனால் நான் தேடவும் இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் கடலைப் பார்த்த பக்கம் இருக்கிற கண்ணாடிகளில் பெரும்பங்கு, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நானும் என் பெஞ்சுப் பெண்களும் ஒட்டி அனுப்பியவை.

என் வேலையைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாது என்பார்கள். வேறு யாரும் பேசுவதாகத் தெரியவில்லை, அதனால் நானே பேசுகிறேன். இந்த மாதிரிக் கட்டடங்களுக்குப் போவது ஒற்றைக் கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணாடிகளை நடுவில் இடைவெளி விட்டுச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். இடைவெளிக்காக ஓரம் சுற்றி அலுமினியக் கம்பி வைப்போம். கம்பிக்குள்ளே ஈரத்தைக் குடிக்கிற சின்னச் சின்ன மணிகள் இருக்கும். கடைசியாக நான்கு ஓரத்தையும் கருப்புப் பசையால் அடைக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை. கையெடுக்காமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் ஒரு குமிழ் விழுந்தால் போதும், மழைக்காலத்தில் உள்ளே ஆவி கோத்துக்கொள்ளும். அப்புறம் அந்தக் கண்ணாடி பனி மூடின மாதிரியே இருக்கும், துடைக்க வழியில்லை. யாராவது பத்திரிகைக்காரர் வந்தால் 'கோலம் போடும் கைகள்' என்று எழுதிவிட்டுப் போவார். எனக்குக் கோலம் வராது. பசை இழுக்க நன்றாகவே வரும்.

எங்கள் அம்மாவும் அப்பாவும் பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். பச்சைப் பசேல் என்று வயலைப் பார்த்து உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். கரையில் நின்று பார்த்தால் பச்சைதான், குனிந்து நட்டவளுக்கு அது சேறு. தொழிற்பேட்டை வந்தபோது எங்கள் தெருவே வரப்பை விட்டு ஷிப்டுக்கு ஏறியது. நானும் பிளஸ் டூ முடித்த கையோடு கண்ணாடிக் கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்தேன். பேக்கிங் என்றால் மரச்சட்டம், கார்க் அட்டை, ஆணி, தூசி. அங்கே நிற்கிறவளுக்குப் பெயரே கிடையாது. "ஏ பேக்கிங்கு, இங்க வா" என்றுதான் கூப்பிடுவார்கள். போர்க்லிப்ட் ஓட்டுகிறவனுக்குக்கூடப் பெயர் உண்டு.

ஒட்டுகிற பெஞ்சில் ஆண்கள்தான் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஒரே சமயத்தில் பக்கத்துக் கம்பெனிக்குத் தாவிவிட்டார்கள். அப்போது மேனேஜர் பேக்கிங்குக்கு வந்து, யாருக்காவது பசை இழுக்கப் பழக வேண்டுமா என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். எனக்குப் பின்னால் இன்னும் சில பேர் தூக்கினார்கள். கழிவுக் கண்ணாடியில் பழகினோம். பழகி முடித்ததும் முதல் பெரிய வேலையாக வந்தது இந்தத் துறைமுகத்துக் கட்டடம்தான். மேனேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

"பாருங்கம்மா, பொம்பளைங்களை வச்சு ஒட்டறேன்னு சொன்னதுக்கே மேல இருக்கிறவங்க என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. இந்த ஆர்டர்ல ஒரு கண்ணாடி திரும்பி வந்தாலும் நீங்க எல்லாரும் பேக்கிங்தான். நான் வாக்கு கொடுத்துட்டேன்."

"வராது சார்" என்றேன். எனக்கு அப்போதே அவ்வளவு வாய்.

எங்கள் பெஞ்சில் எனக்கு எதிர்ப்பக்கம் நிற்பவள் ஒரு அக்கா. பெஞ்சிலேயே மூத்தவள், கிறிஸ்தவள். நெற்றியில் பொட்டு வைக்க மாட்டாள், பூ வைக்க மாட்டாள். ஷிப்டு தொடங்கும்போது பசைத் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் வாய்க்குள் "ஸ்தோத்திரம்" என்பாள். அவள் ஒட்டியதில் ஒரு நாளும் குமிழ் விழுந்து நான் பார்த்ததில்லை. நான் லீடர் என்று பெயர், ஆனால் மூலை திரும்புகிற இடம் வந்தால் அவளைத்தான் விடுவேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் தீபாவளிக்கு லீவு கேட்டுச் சண்டை போடுகிறவன்கூட ஆயுத பூஜை அன்று வேலைக்கு வராமல் இருக்க மாட்டான். கேட்டில் வாழைக்கன்று, மேலே கலர் காகிதம், லாரிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், எல்லார் கையிலும் பொரிப் பொட்டலம். கம்பெனிக்குள் ஒவ்வொரு செக்‌ஷனும் தங்கள் மெஷினைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பூஜை போட்ட பிறகு மறுநாள் காலைவரை மெஷினைத் தொடக் கூடாது. லைனில் எது எங்கே நிற்கிறதோ அது அங்கேயே நிற்கும்.

எங்கள் செக்‌ஷனில் பொட்டு வைக்க வேண்டியவள் நான். அன்று எனக்கு மாதவிலக்கு, ஆகாத நாள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனால் பெஞ்சில் இருக்கிறவர்களுக்கு உண்டு. ஏன் பேஜாரு என்று தட்டை அக்கா கையில் கொடுத்துவிட்டேன்.

"நானாமே? எனுக்கு இன்னா தெரியும்?"

"இதுல இன்னாக்கா தெரியணும்? சந்தனத்த வெச்சி அது மேல குங்குமத்த வெய்யி. எல்லாத்துக்கும் வெய்யி. நீதான பெரியவ."

எல்லாத்துக்கும் என்றால் எல்லாத்துக்கும்தான் என்று அக்கா எடுத்துக்கொண்டாள். கண்ணாடி கழுவும் மெஷின், இரண்டு கண்ணாடியை அழுத்தி ஜோடி சேர்க்கும் பிரஸ், பசைப் பம்பு, சுவிட்சுப் பலகை, தள்ளுவண்டி, தரை துடைக்கும் வாளி வரைக்கும் வைத்தாள். ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு ஸ்தோத்திரம். நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே சுண்டலுக்குப் போய்விட்டோம். நல்ல நேரம் முடிகிறது என்று அவசரமாக லைனை நிறுத்தியிருந்ததால், கழுவி முடித்த ஒரு கண்ணாடி ஜோடி சேராமல் பிரஸ்ஸில் நின்றிருந்தது. அதன் கீழ் மூலையில் பின்பக்கமாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று எழுதி ஒட்டுவது. முன்பக்கம் நின்று பார்த்த அக்காவுக்கு அந்த வெள்ளைச் சதுரம் பொட்டு வைக்கத் தோதான இடமாகத் தெரிந்திருக்கிறது. குனிந்து அதற்கும் ஒன்று வைத்துவிட்டாள். எங்களில் யாராக இருந்தாலும் வைத்திருக்க மாட்டோம். மெஷின் ஆயுதம், கண்ணாடி சரக்கு. சரக்குக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை. பிறந்ததிலிருந்து பூஜை பார்த்தவளுக்கு இது சொல்லாமலே தெரியும். அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை லைன் ஓடியது. அந்தக் கண்ணாடிக்குக் கம்பி வைத்து, மேலே இன்னொரு கண்ணாடி ஜோடி சேர்ந்து, சுற்றிலும் பசை அடைத்தாயிற்று. அந்த இன்னொரு கண்ணாடிக்கும் அதே மூலையில் வெளிப்பக்கம் ஒரு ஸ்டிக்கர். இரண்டு ஸ்டிக்கருக்கு நடுவில் பொட்டு மறைந்துகொண்டது. ஜோடி சேர்வதற்கு முன்னாலாவது யாரும் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சுற்றிலும் திரும்பிய பக்கமெல்லாம் பொட்டாக இருந்த காலையில், கால் பக்கத்தில் இருந்த ஒரு பொட்டு மட்டும் யார் கண்ணை உறுத்தும்?

அதன் பிறகு ஆர்டர் முடிந்தது, கண்ணாடிகள் போய்ச் சேர்ந்தன, கட்டடமும் எழுந்தது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நாங்கள் தலை நிமிர்ந்து நடந்தோம். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்திருந்தது என்று வீட்டில் சொன்னார்கள்.

அடுத்த ஆடி மாதத்தில் ஒரு நாள் மேனேஜர் செல்போனைக் கையில் பிடித்தபடி பெஞ்சுக்கு வந்தார். முகம் சரியில்லை. துறைமுகத்துக் கட்டடத்தில் பதினோராவது மாடிக்கு ஒரு கப்பல் கம்பெனி குடிவந்திருக்கிறது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களை உரித்திருக்கிறார்கள். ஒரு ஜன்னலில் மட்டும் மூலையில் ஒரு கறை. உள்ளே துடைக்கும் அம்மா என்னென்னவோ தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டு, கறை வெளிப்பக்கம் இருக்கிறது என்றாளாம். கயிறு கட்டித் தொங்கி வெளியே துடைக்கிறவர்கள் தேய்த்துப் பார்த்துவிட்டு, உள்பக்கம் இருக்கிறது என்றார்களாம். இரண்டு தரப்புக்கும் சண்டை வந்து, கடைசியில் கட்டடத்து இன்ஜினியர் போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பியிருந்தார்.

"இது என்னம்மா?" என்று போனை நீட்டினார்.

மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்பு. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அக்கா போனைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"யார் வச்சது?"

"பூஜைக்கு எல்லாரும்தான் சார் வெச்சோம்" என்றேன்.

"அந்தக் கண்ணாடி திரும்பி வந்தா நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

யாருக்கு ஞாபகம் இருக்காது? மறுநாள் காலை அவர் கட்டடத்துக்குப் போகிறார் என்றும், பெஞ்சிலிருந்து இரண்டு பேர் வந்து நேரில் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் போவது என்று ஆயிற்று. அக்கா தானாகவே வருகிறேன் என்றாள்.

மேனேஜர் காரில் வந்தார், நாங்கள் ரயிலில் போனோம். பொன்னேரி தாண்டும்வரை அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மீஞ்சூரில் கூட்டம் ஏறி நெருக்கியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் ஒத்துக்கினு வந்துடறேன்மே. என்னிய வேணா பேக்கிங்ல போடட்டும். அந்தப் பொண்ணுங்க இன்னா பண்ணிச்சு?"

"நீ வாயத் தொறக்காத. எல்லாரும் வெச்சோம். அவ்ளோதான். ஒருத்தி வெச்சான்னா ஒருத்தியத் திட்டுவாங்க, எல்லாரும் வெச்சோம்னா யாரத் திட்டுவாங்க?"

"பொய் சொல்றதா?"

"பொய் இல்லக்கா. தட்டக் குடுத்தது நானு, சந்தனம் கொழச்சது இன்னொருத்தி, சிரிச்சது எல்லாரும். அப்ப எல்லாரும்தான?"

அக்கா மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எண்ணூர் வந்ததும் கடல் காற்று அடித்தது. எனக்குள்ளும் பயம் இருந்தது. பேக்கிங்குக்குத் திரும்பினால் மறுபடியும் பெயரில்லாதவள்தான். ஆனால் லீடர் பயப்படுகிறாள் என்று அவளுக்குத் தெரியக் கூடாது, அதனால் வறுகடலை வாங்கிக் கொறித்துக்கொண்டே வந்தேன்.

கடற்கரை ஸ்டேஷனுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவற்றின் இடுக்கில் புகுந்து எதிர்ப்பக்கம் போனோம். தலையைத் தூக்கினால் எங்கள் கட்டடம். அதுவரை அதை நாங்கள் முழுசாகப் பார்த்ததில்லை, துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறோம். எதிரே இருந்த பழைய சிவப்புக் கட்டடம் ஒன்று, அதன் கோபுரமும் வளைவு ஜன்னல்களும் அப்படியே எங்கள் கண்ணாடியில் தெரிந்தன. ஒரு இடத்தில்கூட நெளியவில்லை. மட்டமான கண்ணாடியாக இருந்தால் கோபுரம் தண்ணீரில் விழுந்த மாதிரி நெளியும். நான் அக்காவின் தோளைத் தட்டி அதைக் காட்டினேன். வந்த காரியம் ஒரு நிமிஷம் மறந்தே போயிற்று. எனக்கு அழுகை வந்தது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிற மாதிரி சமாளித்தேன்.

"இத்தினி நாளு கழிச்சி வந்து பாக்கறோம், அதுவும் திட்டு வாங்க" என்றாள் அக்கா.

முன்வாசலில் செக்யூரிட்டி எங்கள் யூனிபார்மைப் பார்த்துவிட்டு, சர்வீஸ் வாசல் பின்னால் இருக்கிறது என்றார். "நாங்க சர்வீஸ் இல்லண்ணா, கண்ணாடி கம்பெனி" என்றேன். அவருக்கு வித்தியாசம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது போதும் என்று அங்கேயே நின்றேன். மேனேஜர் வந்து அழைத்துப் போனார், முன்வாசல் வழியாகத்தான்.

பதினோராவது மாடியில் கடலைப் பார்த்த ஜன்னல் ஓரமாக ஒரு பெண்மணி உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேஜைக்குப் பக்கத்தில்தான் எங்கள் பொட்டு. அவர் தன் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டுச் சிரித்தார். "நான் யாரோ ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிட்டுப் போயிட்டாங்கன்னு நகத்தால சுரண்டிப் பார்த்தேங்க. அப்புறம்தான் அது கண்ணாடிக்கு உள்ளேயே இருக்குன்னு தெரிஞ்சது."

அதற்குப் பின்னால் துறைமுகம், கிரேன்கள், கப்பல்கள், கடல். எல்லாவற்றுக்கும் முன்னால், கீழ் மூலையில், காசளவு சந்தனமும் அதன் நடுவே குங்குமமும். சந்தனம் காய்ந்து லேசாகக் கீறல் விட்டிருந்தது. குங்குமத்தின் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை.

கட்டடத்து இன்ஜினியர் இளைஞர், பொறுமைசாலி. "பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கறை இருக்கிற பேனலை நான் ஏத்துக்க முடியாது, மாத்தணும்" என்றார். மேனேஜர் தலையாட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பேக்கிங் ஷெட்டே தெரிந்தது.

"யாரும்மா வச்சது?" என்று இன்ஜினியர் கேட்டார், கோபமாக இல்லை, தெரிந்துகொள்கிற ஆசையில்.

"எல்லாரும்..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டாள்.

"நாந்தான் சார் வெச்சேன். நான் ஒருத்திதான்."

இன்ஜினியர் அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தார், கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தார். "நீங்களா? கண்ணாடிக்கு எதுக்கும்மா வச்சீங்க?"

"எல்லாத்துக்கும் வெக்கச் சொன்னாங்கோ. மெஷினுக்கு வெச்சேன், பம்புக்கு வெச்சேன். திரும்பிப் பார்த்தா கண்ணாடி மட்டும் சும்மா நின்னுக்கினு கீது. எங்களுக்குச் சோறு போடறது இன்னா சார், மெஷினா? கண்ணாடிதான? அத்த வுட்டுட்டு இரும்புக்கு மட்டும் வெக்கறது எனுக்கு ஞாயமா படல. அதான் வெச்சேன். அந்தப் பொண்ணுங்களுக்குத் தெரியாது சார்."

நாற்காலியை நகர்த்தியிருந்த பெண்மணி மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மறுபடி வைத்தார். ரயிலில் வரும்போது நான் சொன்ன கணக்கெல்லாம் எனக்கே அற்பமாகத் தெரிந்தது. அவள்மேல் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

இன்ஜினியர் குனிந்து பொட்டைக் கிட்டத்தில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "சந்தனம் ஈரமாத்தானே வச்சிருப்பீங்க?" என்றார்.

"ஆமா சார், கொழகொழன்னு."

"அந்த ஈரம் எங்க போச்சு? இப்படி ஈரத்தோட அடைச்சா இந்நேரம் கண்ணாடி முழுக்க ஆவி பிடிச்சிருக்கணுமே."

இது என் இடம். "கம்பிக்குள்ள இருக்கிற மணி குடிச்சிருக்கும் சார்" என்றேன். "பொட்டோட ஈரம் மட்டும்னா அது குடிச்சி முடிச்சிடும். வெளியேருந்தும் ஈரம் வந்துக்கினே இருந்தா அதால முடியாது. இது காஞ்சி கீது. அப்ப வெளியேருந்து ஒண்ணும் வரல. நாங்க ஒட்டினது அப்பிடி."

கடைசி வாக்கியம் தேவையில்லாததுதான். வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து மேனேஜரிடம் சொன்னார்: "இதே மாடியில வேற கம்பெனி பேனல் சிலது ஏற்கெனவே உள்ள ஆவி கோத்துப் போயிருக்கு சார். இங்க உப்புக் காத்து, அதான் தாங்கல. இது ஈரத்தை உள்ள வச்சுக்கிட்டே தாங்கியிருக்கு." அப்புறம் கொஞ்சம் யோசித்தார். இதைக் கழற்ற வேண்டும் என்றால் சாலையை மறித்துக் கிரேன் நிறுத்த வேண்டும், லாரிகள் நிற்கிற இந்தச் சாலையில் அது லேசான காரியமில்லை. "மழைக்காலம் முடியட்டும். அதுவரைக்கும் இப்படியே இருந்தா விட்டுடலாம். ஆவி பிடிச்சா திருப்பி அனுப்பறேன்."

திரும்பும்போது ரயிலில் நான் அக்காவைத் திட்டினேன். வாயைத் திறக்காதே என்று சொன்னேனா இல்லையா என்று கேட்டேன். அவள், தனக்குப் பசிக்கிறது என்றாள். ஸ்டேஷனில் வாங்கிய சமோசாவை இரண்டு பேரும் தின்றுகொண்டே வந்தோம்.

அதன் பிறகு நாங்கள் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். விவசாயம் செய்கிறவர்கள் மழை வர வேண்டும் என்று பார்ப்பார்கள். நாங்கள் அது சீக்கிரம் வந்து சீக்கிரம் போக வேண்டும் என்று பார்த்தோம். மழைக்கு முன்னால் மறுபடியும் ஆயுத பூஜை வந்தது. அந்த வருஷம் மேனேஜர் எங்களை நம்பவில்லை. தட்டை செக்யூரிட்டியிடம் கொடுத்து, மெஷினுக்கு மட்டும் என்று சொல்லி, கூடவே நின்று பார்த்துக்கொண்டார். நாங்கள் கைகட்டித் தள்ளி நின்றோம். அக்கா பொரியைக்கூட வாங்கவில்லை. மெஷினில் பொட்டு இருந்தது, ஆனால் அது எங்கள் பூஜையாக இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் தண்ணீர் ஏறியது, தொழிற்பேட்டைச் சாலையில் முழங்கால் அளவு நின்றது. வீடு ஒழுகுகிறதே என்று மற்றவர்கள் கவலைப்பட்டார்கள், எனக்குப் பதினோராவது மாடிதான் நினைப்பு. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குப் பாத்திரம் வைத்துக்கொண்டே, கடல் பக்கம் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று டிவியில் பார்ப்பேன். பெஞ்சில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம். பேசினால் ஆவி பிடித்துவிடும் என்று ஒருத்தி சொல்லிவிட்டாள், அப்புறம் யாருக்குத் துணிச்சல் வரும்? மேனேஜர் போன் அடிக்கும்போதெல்லாம் பசை இழுக்கிற கைகள் ஒரு நொடி நிற்கும்.

தை பிறந்து, பொங்கல் லீவு முடிந்து வேலைக்கு வந்த அன்று மேனேஜர் பெஞ்சுக்கு வந்தார். போனை என் முன்னால் வைத்தார். போட்டோவில் நீலமாகக் கடல், வெளிச்சமாக வானம், கண்ணாடி தெளிவு. மூலையில் காய்ந்த சந்தனமும் அதே சிவப்பும். கீழே இன்ஜினியர் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார். அடுத்த கட்டடத்துக்கும் இதே பெஞ்சில்தான் ஒட்ட வேண்டும் என்று.

"பொட்டு இல்லாம" என்று மேனேஜர் சேர்த்துக்கொண்டார். பேக்கிங் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவர் போனதும் ஒருத்தி விசில் அடித்தாள். அக்கா கையிலிருந்த துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய், முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

அதற்கடுத்து வந்த ஆயுத பூஜைக்கு மேனேஜரே தட்டைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார். "கண்ணாடிக்கு மட்டும் வேணாம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்" என்றார்.

"தெரியும் சார். ஒரு தப்ப ரெண்டு வாட்டி செய்வனா?"

மெஷினுக்கு வைத்தாள், பம்புக்கு வைத்தாள், பெஞ்சுக்கு வைத்தாள். பிரஸ்ஸில் நின்றிருந்த கண்ணாடியிடம் வந்தபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவள் அதைப் பார்த்து ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாள். மேனேஜர் நிம்மதியாகப் பொரியை வாயில் போட்டுக்கொண்டார். பூஜை முடிந்தது என்று நாங்கள் கலையப் போனபோது அக்கா தட்டோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"கைய நீட்டுமே."

"இன்னாத்துக்கு?"

"எல்லாத்துக்கும் வெய்யின்னு நீதான சொன்ன? மெஷின் கெட்டா வேற மெஷின் வரும். நீட்டு."

கையுறையைக் கழற்றி நீட்டினேன். பசை இழுக்கிற வலது கையின் மேல்பக்கம் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். ஸ்தோத்திரம் என்றாள். அப்புறம் அடுத்தவள், அதற்கடுத்தவள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. கடைசிக் கை முடிந்ததும் தட்டை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வைக்க யாரும் இல்லை.

அன்றும் எனக்கு ஆகாத நாள்தான். நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவள் கையிலிருந்து தட்டை வாங்கினேன். நெற்றியில் வைக்க மாட்டாளே என்று ஒரு கணம் தயங்கி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"கையிலதான? வெய்யி" என்று வலது கையை நீட்டினாள்.

நான் வைத்தேன்.